தலைவரே ஆனாலும்

டவர் கட்டியே தீருவது என்று தலைவர் முடிவு செய்தபோது அவர் வாய் நிறையப் பற்பசை நுரை இருந்தது. அதனால் அறிவிப்பை உடனே வெளியிட முடியவில்லை. துப்பினார். கொப்பளித்தார். மீசையைத் துடைத்தார். சமையலறை வாசலில் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்."

அவர் மனைவி அடுப்பிலிருந்து பாலை இறக்கிக்கொண்டிருந்தாள். திரும்பி ஒரு முறை பார்த்தாள்.

"சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க."

சரித்திரத்தில் பெரிய முடிவு எடுத்தவர்கள் பலர் சட்டையைத் திருப்பித்தான் போட்டிருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் அதை வெளியே சொல்லாமல் விட்டிருப்பார்கள், அவ்வளவுதான். தலைவர் சட்டையைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டு மறுபடி வாசலுக்கு வந்தார். அதற்குள் வீரத்தில் பாதி வடிந்திருந்தது.

"நம்ம வால்ல ஒரு டவர் கட்டப் போறேன்."

கேட்பவர்கள் பதற வேண்டாம். வால் என்பது ஒரு நிலத்தின் பெயர். அவர்கள் தோட்டத்தின் கடைசியில், ஓடையை ஒட்டி, மெலிந்து நீண்டு கிடக்கும் மரக்கூட்டம் அது. இந்தப் பக்கம் பெரிய காடு. அந்தப் பக்கம் குன்றின் மேல் சின்னக் காடு. இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இந்த வால்தான்.

காடு ஊருக்கெல்லாம் பொது. பொதுவில் இருக்கும் பொருள் எப்படித் தேயும் என்பது பெரிய குடும்பத்துக் குளியலறைச் சோப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆளுக்கொரு மரம் என்று ஆரம்பித்து, ஆளுக்கொரு வண்டி என்று ஆனது. கிணறுகள் வற்றத் தொடங்கிய பிறகுதான் விவசாயிகள் சில பேருக்குப் பயம் வந்தது. காட்டை ஒட்டிய தங்கள் நிலத்தின் ஓரங்களை உழாமல் விட்டார்கள். புதர் வந்தது. புதருக்குப் பறவை வந்தது. பறவைக்குப் பின்னால், கழுத்தில் பைனாகுலர் தொங்க, வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். அவர்கள் கொடுக்கும் பணத்தில்தான் காட்டுக்குக் காவல் ஆட்கள் நிற்கிறார்கள். கோடையில் தீ பரவாமல் சருகு அகற்றுகிறார்கள். கிணறுகளில் மறுபடி தண்ணீர் நிற்கிறது.

இந்த ஏற்பாட்டுக்குத் தலைவர்தான் தலைவர். எப்படி ஆனார் என்பது சின்ன விஷயம். முதல் கூட்டம் நடந்த அன்று ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. மற்றவர்கள் தரையில் உட்கார, இவர் முழங்கால் வலிக்காக நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலியில் இருப்பவர்தான் தலைவர் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவரும் மறுக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் எதற்கும் இருக்கட்டும் என்று நாற்காலியை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அன்று முதல் காலைத் தேநீரை முற்றத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் குடிக்கிறார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் மேலே ஏறிப் பறவை பார்க்க ஒரு டவர் கட்டும்வரை. மரக்கம்பங்களால் ஆன டவர். ஒரு பக்கமாகச் சாய்ந்த டவர். அதில் ஏறியவர்கள் இறங்கும்போது கடவுள் நம்பிக்கையோடு இறங்கினார்கள். ஆனாலும் வந்தவர்களெல்லாம், "டவர்காரர் தோட்டம் எந்தப் பக்கம்?" என்று தலைவரிடமே வழி கேட்கத் தொடங்கினார்கள். அவர் வழியும் காட்டினார். காட்டிய விரல் அன்றிரவு முழுக்க எரிந்தது.

"எத்தனை மரம் போகும்?" என்றாள் மனைவி, பாலை ஆற்றியபடி.

"நடுவுல கொஞ்சம்தான். வாலையா அறுக்கப் போறேன்? சும்மா ஒரு இடைவெளி."

"வகிடு எடுத்த மாதிரியா?"

"அதேதான்! நீ புரிஞ்சுக்கிட்டே."

"அப்போ கூச்சக்காரி?"

கூச்சக்காரி என்பது அவர்கள் ஒரு பறவைக்கு வைத்த பெயர். சின்னக் கோழி அளவு இருக்கும். பறப்பதைவிட நடப்பதையே விரும்பும். விடியும்போது பெரிய காட்டிலிருந்து சின்னக் காட்டுக்கு வால் வழியாக நடந்து போகும், சாயங்காலம் திரும்பும். அதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பாதிப் பேர் பார்க்காமலேயே போகிறார்கள். பார்க்காதவர்கள்தான் மறுபடி வருகிறார்கள்.

"பழகிக்குவா," என்றார் தலைவர்.

"வெட்டவெளியில ஒரு அடி எடுத்து வைக்க மாட்டா."

"அவகிட்ட கேட்டியா? மனுஷனே எல்லாத்துக்கும் பழகிக்கிறான். நான் உன்கூடப் பழகிக்கலையா?"

"அந்தக் கஷ்டம் அவளுக்கும் எதுக்குங்க?"

தலைவர் பேச்சை மாற்றினார். "டவர் மேல ஏறினா காடு முழுக்கத் தெரியும். யோசிச்சுப் பாரு."

"காடு இருந்தாத் தெரியும்." அவள் டம்ளரை நீட்டினாள். "அவ வரலைன்னா பாக்க வர்றவங்க வரமாட்டாங்க. அவங்க வரலைன்னா காவலுக்கு ஆள் நிக்காது. ஆள் நிக்கலைன்னா மறுபடி வண்டி வண்டியாப் போகும். டவர் மேல ஏறி அதை வேணா எண்ணலாம்."

"ஊரே டவர்காரர், டவர்காரர்ங்குது! என்னை எவன் கேக்குறான்?"

அவள் அவரை நேராகப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"சரி."

அவள் சொல்லும் 'சரி'களைத் தலைவர் வருஷக்கணக்காகக் கேட்டுவந்தவர். கையில் வேலையோடு சொல்லும் சரி ஒன்று உண்டு. அதற்கு அர்த்தம், நீங்கள் பேசியது காதில் விழவில்லை. பெருமூச்சோடு வரும் சரி ஒன்று. அதற்கு அர்த்தம், உங்கள் அம்மாவைச் சொல்ல வேண்டும். இது இரண்டிலும் சேராமல், துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி சுத்தமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

ஆனாலும் ஆண்மகன் வைத்த காலைப் பின்னால் வைக்கலாமா? அன்றைக்கே வாலின் நடுவில் ஒரு முளைக்குச்சியை அடித்து, நீலத் துணி கட்டிவிட்டு வந்தார். புயலில் விழுந்த மரங்களை அறுக்க வைத்திருந்த மெஷின் ரம்பத்துக்கு எண்ணெய் போட்டார். மச்சினனுக்கு ஆள் அனுப்பினார். மனைவியின் தம்பி, தச்சுவேலை செய்பவன். அக்காவைத் தவிர உலகத்தில் எதற்கும் அஞ்சாதவன்.

மறுநாள் காலை மாமனும் மச்சினனும் ரம்பத்தோடு வாலுக்குப் போனார்கள். போன வேகத்தில் நின்றார்கள்.

வாலைச் சுற்றி, இந்தக் காட்டிலிருந்து அந்தக் காடுவரை, சிவப்புக் கயிறு கட்டியிருந்தது.

மச்சினன் ரம்பத்தைக் கீழே வைத்தான். "மாமா, இது அக்கா போடுற முடிச்சு."

"முடிச்சைப் பாத்து ஆளைச் சொல்றியா நீ?"

"சின்ன வயசுல என்னை இந்த முடிச்சுலதான் கட்டிப் போடும். நான் வரேன் மாமா." சொல்லிவிட்டு, போகிறேன் என்ற அர்த்தத்தில் போயேவிட்டான்.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். தலைவர் போட்டுக்கொண்டது கயிறு. முன்பு ஒரு முறை, மரங்கொத்தி ஒன்று குஞ்சு பொரித்திருந்த பொந்தை டவர்காரர் ஏணி வைத்து ஏறி எட்டிப் பார்த்துவிட்டார். அது கூட்டைக் கைவிட்டுப் போய்விட்டது. அவரை மடக்குவதற்கென்றே தலைவர் ஒரு கூட்டம் கூட்டி விதி ஒன்று போட்டார். கூடு இருக்கும் இடத்தில் சிவப்புக் கயிறு கட்ட வேண்டும். குஞ்சுகள் இறங்கும்வரை யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. கட்டியவரைக் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் காட்டச் சொல்வார்கள், காட்டப் போனால் கூடு கெடும். மீறுகிறவர் அடுத்த மழைக்காலம்வரை மறைவுக் குடிசையைப் பெருக்க வேண்டும். மறைவுக் குடிசை என்பது வாலுக்கு எதிரே பார்வையாளர்கள் ஒளிந்து உட்கார்ந்து பார்க்கும் ஓலைக் குடிசை.

அத்தோடு விட்டிருக்கலாம். கைதட்டல் போதாது என்று தோன்றவே, கடைசியில் கையை உயர்த்தி, "தலைவரே ஆனாலும்!" என்று சேர்த்தார். கைதட்டல் பிரமாதமாக வந்தது. அதையே நுழைவாசல் பலகையில் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்தார்.

வீட்டுக்கு வந்து, "வால்ல கயிறு கட்டியிருக்கே!" என்றார்.

"ஆமா, கட்டியிருக்கேன்."

"எந்தப் பறவை?"

"நீங்களே கேக்கலாமா? பலகையில எழுதியிருக்கு."

"நான் உன் புருஷனா கேக்குறேன்."

"புருஷனே ஆனாலும்னு எழுதலைதான். அடுத்த கூட்டத்துல சேத்துடலாம்."

தலைவர் காத்திருந்தார். வேறு வழி?

அதுவரை அவர் ஒவ்வொரு நாளும் பார்வையாளர்களை வாலுக்குள் அழைத்துப் போய், நடுவில் நின்று, கூச்சக்காரியைப் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்துவது வழக்கம். நல்ல கனத்த குரல். "அமைதி மிக முக்கியம்!" என்று அவர் சொன்னால் ஓடைக்கு அந்தப் பக்கம் மேயும் ஆடுகள்கூட நிமிர்ந்து பார்க்கும். இப்போது கயிற்றுக்கு வெளியே நின்றும் பேச முடியவில்லை, அவர் குரல் கயிற்றைத் தாண்டிக் கூடுவரை போய்விடும். வீட்டு முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சொற்பொழிவாற்றினார். கேட்டவர்கள் தேநீர் குடித்துவிட்டுக் காணாமல் போனார்கள். வால் தன் பாட்டுக்கு வாயை மூடிக்கொண்டு பச்சையாகக் கிடந்தது.

அவ்வப்போது கேட்டுப் பார்த்தார். "குஞ்சு இறங்கிடுச்சா?"

"பொறுங்க."

கொஞ்ச நாள் கழித்து, "இப்போ?"

"அவசரப்பட்டு யாராவது குஞ்சு பொரிச்சிருக்காங்களா?"

சந்தேகம் என்பது பல்லில் சிக்கிய நார் மாதிரி. நாக்கு அங்கேயே போகும். கூடாவது, குஞ்சாவது! கயிற்றைக் கட்டிவிட்டு நம்மை ஆட்டி வைக்கிறாள். மரங்களை அண்ணாந்து ஒரு முறை பார்த்தால் போதும். கூடு இல்லை என்றால் கயிறு செல்லாது. கயிறு செல்லாது என்றால் டவர். இந்தக் கணக்கு அவருக்குப் பிடித்திருந்தது.

சமயமும் தானாகவே வாய்த்தது. ஒரு நாள் அவளே சொன்னாள்: "இன்னைக்கு மத்தியானம் விருந்தாளிங்களுக்குச் சாப்பாடு வெளியில. எல்லாரையும் நானே கூட்டிட்டுப் போறேன். வால் பக்கம் ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. நீங்க நிம்மதியாத் தூங்குங்க."

யாருமே கேட்காதபோது அவள் இவ்வளவு விவரம் சொல்ல மாட்டாள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. குழிக்குப் போகிறவனுக்கு வழியெல்லாம் இறக்கமாகத்தான் இருக்கும், நடை சுலபம்.

எல்லோரும் போனதும் கிளம்பினார். தொப்பியில் இலைக்கொத்துகளைச் செருகிக்கொண்டார். முதுகில் ஒரு கிளையைக் கட்டிக்கொண்டார். கயிற்றுக்கு அடியில் புகுந்து, வயிற்றை இழுத்தபடி ஊர்ந்தார். அவர் வயிறு ஊர்வதற்காகப் படைக்கப்பட்டதல்ல. முளைக்குச்சியின் நீலத் துணி கண்ணில் படும் இடம்வரை போய், மூச்சு வாங்கியபடி மரங்களை அண்ணாந்து பார்த்தார்.

கூடு இல்லை. எந்தக் கவட்டையிலும் இல்லை. எந்தப் பொந்திலும் இல்லை.

"பிடிச்சேன்!" என்று அவர் மனசுக்குள் குதித்த அதே நேரம், எதிரே மறைவுக் குடிசையிலிருந்து மெல்லிய குரல்கள் கேட்டன.

"அங்கே பாருங்க! ஏதோ பெருசா அசையுது." இது வருஷா வருஷம் வரும் தொப்பிக்காரம்மாவின் குரல்.

"கரடியா?"

"கரடிக்குத் தொப்பி இருக்குமா?"

"மீசை மாதிரி ஏதோ தெரியுதே..."

பிறகு, அவருக்கு மிகவும் பழக்கமான ஒரு குரல்: "சத்தம் போடாதீங்க. பயந்துடும்."

தலைவர் அப்படியே மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கொண்டார். எழுந்தால் விதியை மீறியவர். எழாவிட்டால் கரடி. யோசித்துப் பார்த்ததில் கரடியாகவே இருப்பது மேல் என்று பட்டது. எறும்புகள் அவர் முழங்கையைக் கண்டுபிடித்து உறவினர்களுக்கும் சொல்லியனுப்பின. அவர் அசையவில்லை. பேசவும் முடியாது. கல்யாணத்துக்குப் பிறகு இவ்வளவு நேரம் அவர் பேசாமல் இருந்தது அதுவே முதல் தடவை.

சத்தம் அடங்கியது. முதலில் குடிசையில். பிறகு காட்டில். கடைசியாக அவருக்குள்.

அப்போது சருகில் ஒரு சிறு ஓசை.

அவர் கைக்கு மிக அருகில், வேர் ஒன்றின் பின்னாலிருந்து கூச்சக்காரி வந்தாள். மண் நிறம். கண்ணுக்கு மேல் சுண்ணாம்பு தீற்றியதுபோல் ஒரு கோடு. தூங்குகிற குழந்தை இருக்கும் வீட்டில் நடப்பதுபோல் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தாள். நின்றாள். கேட்டாள். பிறகு தொண்டைக்குள் ஏதோ சொன்னாள். வேர்களுக்கு அடியில் சருகு கூட்டி அமைத்திருந்த ஒரு சின்னப் பள்ளத்திலிருந்து, பஞ்சு உருண்டைகள் மாதிரி குஞ்சுகள் உருண்டு வந்தன.

அவளைப் பற்றி எத்தனை சொற்பொழிவுகள்! எத்தனை பேருக்கு விரல் நீட்டியிருக்கிறார்! தலைவர் இதுவரை பார்த்ததெல்லாம் அவள் போன பிறகு ஆடிக்கொண்டிருந்த இலையைத்தான். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தனக்கேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

ஒரு குஞ்சு மட்டும் பின்தங்கி, அவர் அடித்து வைத்த முளைக்குச்சியிடம் போயிற்று. நீலத் துணியைக் கொத்திப் பார்த்தது. சுவை பிடிக்கவில்லை போலிருக்கிறது. குச்சியின் மெல்லிய நிழலில் உட்கார்ந்துகொண்டது. தரையோடு தரையாகக் கிடந்து பார்த்தபோதுதான், வால் என்பது எவ்வளவு ஒடுங்கலான வீடு என்று அவருக்குத் தெரிந்தது. ஒரு மரத்தின் நிழல் முடியுமிடத்தில் அடுத்ததன் நிழல் ஆரம்பித்தது. அந்த நிழலை விட்டு வெளியே வராமல்தான் அவள் நடந்தாள். நடுவில் ஒரு வகிடு எடுத்திருந்தால் இங்கே வந்து நின்றிருப்பாள். நின்று, திரும்பியிருப்பாள். அவ்வளவுதான், சத்தம்கூடக் கேட்டிருக்காது.

அவள் கூப்பிட்டாள். குஞ்சு எழுந்து ஓடியது. எல்லோரும் இலைகளுக்குள் கரைந்தார்கள்.

தலைவர் வந்த வழியே பின்பக்கமாக ஊர்ந்து வெளியேறினார். பின்பக்கமாக ஊர்வது பார்க்க அழகான காட்சி அல்ல. குடிசையில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர்கள் பட்ட பாடு அவருக்குக் கேட்டது.

சாயங்காலம் முற்றத்துக்கு வந்தபோது அவருடைய நாற்காலியில் ஒரு துடைப்பம் சாய்ந்திருந்தது. புதுத் துடைப்பம். மறைவுக் குடிசைக்கானது என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"டவர் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்," என்றார், கம்பீரமாக. "நல்லா யோசிச்சுப் பாத்தேன்."

"படுத்துக்கிட்டே யோசிச்சா நல்ல யோசனைதான் வரும்." அவள் அவர் முழங்கையைப் பார்த்தாள். உள்ளே போய்க் களிம்பு எடுத்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து தடவிவிட்டாள்.

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. அன்றைக்கு அந்தப் பழக்கம் வந்திருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "கூடு தரையில இருக்குன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கயிறு கட்டுறப்போ அங்க கூடே இல்லைங்க."

தலைவர் நிமிர்ந்தார். "அப்போ பொய் சொல்லியிருக்கே!"

"கூடு இருக்குன்னு நான் எப்போ சொன்னேன்? கயிறு கட்டியிருக்கேன்னுதான் சொன்னேன். நீங்களும் அதைத்தான் பாத்தீங்க."

அவர் நினைவைப் புரட்டிப் பார்த்தார். அவள் சொல்லியிருக்கவில்லை. ஒரு இடத்திலும் சொல்லியிருக்கவில்லை.

"பின்ன எதுக்குக் கட்டினே?"

"முதல்ல ரம்பம் வராம இருக்க. அப்புறம்..." அவள் களிம்பு டப்பாவை மூடினாள். "தினமும் விடியறப்போ ஓடைக்குப் போனா சருகுல அவ காலடிச் சத்தம் கேக்கும். எனக்கு அதுக்கப்புறம்தான் பொழுது விடிஞ்ச மாதிரி இருக்கும். இத்தனை வருஷமா வந்து வந்து போறாளே, இங்கேயே ஏன் தங்க மாட்டேங்கிறான்னு யோசிப்பேன். இடம் பிடிச்சுத்தான் இருக்கு. நாமதான் உள்ள நின்னு பேசிக்கிட்டே இருக்கோம். கொஞ்ச நாள் நீங்க வராம இருந்தா கட்டுவாளோன்னு தோணுச்சு. கட்டிட்டா."

"நாம" என்று அவள் சொன்னது பெருந்தன்மை. தலைவர் அதைப் புரிந்துகொண்டார். அவள் ஒரு நாளும் வாலுக்குள் நின்று பேசியதில்லை.

"நான் உள்ள வருவேன்னும் தெரியும்?"

"தெரியும்."

"அதனாலதான் எல்லாரையும் குடிசைக்குக் கூட்டிட்டு வந்தியா?"

"அவங்க கூச்சக்காரியைப் பாக்க வந்தாங்க. அவளையும் பாத்துட்டாங்க." அவள் எழுந்தாள். "தொப்பிக்காரம்மா போட்டோ எடுத்திருக்காங்க. பலகைக்குப் பக்கத்துல மாட்ட ஒண்ணு கேட்டு வெச்சிருக்கேன்."

அவர் எதிர்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். முளைக்குச்சியின் நிழலில் உட்கார்ந்திருந்த குஞ்சு ஞாபகத்துக்கு வந்தது. மூடிக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக மறைவுக் குடிசையைப் பெருக்கினார். சருகில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று துடைப்பத்தை நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றார். கேட்டது. யாரோ ஒருவர் தனக்கு மட்டும் ரகசியமாக நல்ல செய்தி சொன்னதுபோல் இருந்தது. உற்சாகமாக வீடு திரும்பினார். முற்றத்தில் கால் வைத்தவர் நின்றுவிட்டார்.

அவருடைய நாற்காலியைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. நல்ல முடிச்சு. மச்சினன் சொன்ன அதே முடிச்சு.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "எங்கே? உள்ள எதுவும் தெரியலையே?"

மனைவி தேநீர் டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். "இன்னும் எதுவும் வரலை. கொஞ்ச நாள் நீங்க உட்காராம இருந்தா ஏதாவது வருதான்னு பாக்கலாம்."

தலைவர் நின்றுகொண்டே தேநீரைக் குடித்தார்.